சொல்லறிந்தும் ஆளறியாமை

பல ஆண்டுகளுக்கு முன், விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த ஓர் இரவில் நான் ஒரு பிழை செய்தேன். கிறிஸ்தவ சமய பாடத்திலே, இயேசு யாரென்பதைப் பேதுரு எங்ஙனம் அறிக்கையிட்டார் என்பது வினா. “மேசியா என்று அறிக்கையிட்டார்” என ஏறத்தாழ எல்லோரும் எழுதியிருந்தனர். ஒரு மாணவி மட்டும், “பேதுரு சொல்லை அறிந்தார், ஆளை அறியவில்லை” என ஒரே வரியில் முடித்திருந்தாள். சிவப்பு மையினால் அதனைக் கோடிட்டுப் புள்ளியை மறுத்தேன். மறுநாள் அவள் மாற்கு எழுதிய சுவிசேஷத்தை விரித்தபடி வந்து, “அடுத்த வசனங்களையும் ஒருக்கால் பாருங்கோ, ஐயா” என்றாள்.

பார்த்தேன். எத்தனையோ முறை கற்பித்த பகுதிதான். ஆயினும் அன்றுதான் அதனை முழுமையாகப் படித்தேன் என்று சொல்லுதல் வேண்டும்.

அந்த உரையாடல் நிகழ்ந்த இடம் கருதத்தக்கது. கலிலேயாக் கடலுக்கு வடக்கே ஏறக்குறைய 25 மைல் தொலைவில், எர்மோன் மலையடிவாரத்தில், யோர்தான் நதிக்கு நீர் வழங்கும் ஊற்றொன்று பாறைக் குகையருகே சுரக்கிறது. கிரேக்கர் தம் பான் என்னும் தெய்வத்தை அங்கு வழிபட்டனர். மகா ஏரோது அவ்விடத்தையடுத்து உரோமப் பேரரசர் அகுஸ்துவுக்கு ஓர் ஆலயம் எடுத்தான். அவன் மகன் பிலிப்பு அந்நகரை விரிவாக்கிப் பேரரசரின் பட்டப்பெயரை அதற்குச் சூட்டினான். அதுவே பிலிப்புச் செசரியா. அரசனைத் தெய்வமாக்கும் அந்நாட்டுக்குச் செல்லும் வழியிலேதான், தம்மை மக்கள் யாரென்று சொல்கிறார்கள் என இயேசு சீடரை வினவினார்.

யோவான் ஸ்நானகன் என்பார் சிலர்; எலியா என்பார் சிலர்; தீர்க்கதரிசிகளுள் ஒருவர் என்பார் வேறு சிலர். இவை இகழ்ச்சியான விடைகளல்ல. மக்கள் தாம் அறிந்த பெரியோரின் வரிசையிலே அவரை வைத்தனர். பின்னர் வினா சீடரை நோக்கித் திரும்பியது. அவர் மேசியா என்றார் பேதுரு.

நாம் வழக்கமாக அவ்விடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறோம். மாற்கு மூடவில்லை. தாம் பாடுபட்டு, மூப்பராற் புறக்கணிக்கப்பட்டு, கொலையுண்டு, மூன்று நாளின் பின் எழவேண்டும் என இயேசு வெளிப்படையாகக் கூறியதும், பேதுரு அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார். உடனே, சாத்தான் என்னும் கடுஞ்சொல்லால் தாமே கடியப்படுகிறார். விடை சரி, விடையளித்தவரோ கண்டனத்துக்குள்ளானார். ஏன்?

விடை அச்சொல்லின் வரலாற்றிலே உண்டு. மேசியா என்பது எபிரேய வழிவந்த சொல். அதன் கிரேக்க வடிவமே நாம் கிறிஸ்து என வழங்குவது. எண்ணெயால் அபிஷேகம் பெற்றவர் என்பது பொருள். இஸ்ரவேலின் அரசரும் ஆசாரியரும் அவ்வாறு அபிஷேகம் பெற்றனர். யூதரைச் சிறைமீட்ட பாரசீக மன்னன் கோரேசையும் ஏசாயாவின் நூல் அப்பெயரால் அழைக்கின்றது. முதலாம் நூற்றாண்டில், உரோமரின் ஆட்சியிலே வாடிய மக்கட் பலர் தாவீதின் வழிவந்த மன்னனொருவனை எதிர்பார்த்தனர். 1947 முதற் கும்ரான் குகைகளிற் கிடைத்த சுவடிகளோ, ஆசாரிய மேசியா, அரச மேசியா என இருவரைப் பற்றிப் பேசுகின்றன. பகைவர் கையால் மாண்டுபோகும் மேசியா அக்காலத்துப் பொதுவான எதிர்பார்ப்பில் இடம்பெறவில்லை.

பிற்காலத்து நிகழ்ச்சியொன்று இதனை விளக்கும். 132 ஆம் ஆண்டில் உரோமரை எதிர்த்தெழுந்த பார் கொக்பாவை, பேரறிஞரான ரபீ அக்கிபா மேசியா எனப் போற்றினார் என்பது யூத மரபு. 135 இல் பெத்தாரில் அத்தலைவன் வீழ்ந்தான். அந்த நம்பிக்கையும் அவனோடு வீழ்ந்தது. கொலையுண்டவன் மேசியாவாகான் என்பதே அறிவுக்கிசைந்த தீர்ப்பு. இயேசுவின் அடியார் மட்டும், கொலையுண்டவரே மேசியா என்றனர். சிலுவை யூதருக்கு இடறலாகவும் கிரேக்கருக்குப் பேதைமையாகவும் தோன்றியதைப் பவுல் மறைக்கவில்லை.

ஆகவே, அதனை ஏற்காத யூதரைக் கண்ணிருந்தும் குருடர் எனக் கிறிஸ்தவர் பழித்தது அறமன்று. அப்பழி பல நூற்றாண்டுக் கொடுமைகளுக்குத் துணைநின்றது. இயேசுவின் மரணப் பழியை அன்றைய யூதர் அனைவர்மீதோ இன்றைய யூதர்மீதோ சுமத்தலாகாது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965 இலேதான். குர்ஆனும் ஈசா நபியை மஸீஹ் என்றே அழைக்கின்றது. இறைவனின் மகன் என்பதை ஏற்பதில்லை. ஒரே சொல்லைப் பலர் சொல்லலாம். சொல்லுவோர் கருதும் பொருள் ஒன்றாக வேண்டுமென்பதில்லை.

இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானே ஒருகால் ஐயுற்றார். சிறையிலிருந்து ஆளனுப்பி, வரவேண்டியவர் நீர்தாமோ, இன்னொருவருக்காகக் காத்திருத்தல் வேண்டுமோ என்று கேட்டார். இயேசு சினக்கவில்லை, ஆம் என்று ஒரு பட்டத்தைச் சூடிக்கொள்ளவுமில்லை. குருடர் காண்பதையும், முடவர் நடப்பதையும், ஏழைகள் நற்செய்தி கேட்பதையும் போய்ச் சொல்லுங்கள் என்றார். சொல்லை விட்டுச் செயலைக் காட்டினார்.

மாற்கு இதனை வேறொரு வகையாற் சொல்கிறார். பேதுருவின் அறிக்கைக்குச் சற்று முன்னே, பெத்சாயிதாவில் ஒரு குருடன் பார்வை பெறுகிறான். முதல் தொடுதலில் மனிதர் அவனுக்கு நடக்கும் மரங்களாய்த் தெரிகின்றனர். இரண்டாவது தொடுதலிலேயே யாவும் தெளிகின்றன. பேதுருவும் அம்முதல் தொடுதலில் நின்றவரே. முழுப் பார்வைக்குரிய இடம் அரண்மனையன்று. அந்நூலிலே மனிதருள் முதலாவதாக அவரைக் கடவுளின் மகன் என்றவன், சிலுவையின் எதிரே நின்று அவர் உயிர்விடக் கண்ட உரோம நூற்றுவர் தலைவனே.

மாணவி இவற்றையெல்லாம் எழுதவில்லை. ஆனால், சரியான சொல்லைக் கூறியும் ஆளை அறியாதிருக்கலாம் என்பதைக் கண்டுகொண்டாள். சிறுவயது முதல் அதே சொல்லைப் பிழையின்றி ஒப்புவித்து வந்த எனக்கு, துன்புறுவோன் அருகே நிற்க நேர்ந்த வேளைகளிலெல்லாம் விலகிச் சென்றது நினைவுக்கு வந்தது.

அவளுக்கு முழுப் புள்ளியும் இட்டேன். மற்றையோரின் புள்ளிகளைக் குறைக்கவில்லை. குறைப்பதாயின், முதலில் என்னுடையதையே குறைத்தல் வேண்டும்.