ஒரே டேக்கா, தனித்தனி ட்ராக்கா? மேளக் குழுவைப் பதிவு செய்ய எது சரி?

வெள்ளகோவில் வீரக்குமார சுவாமி கோவிலின் மகா சிவராத்திரி தேர்த்திருவிழாவாகட்டும், பக்கத்து ஊர் மாரியம்மன் பொங்கலாகட்டும், கொங்கு மண்ணில் மேளம் இல்லாமல் திருவிழா இல்லை. வள்ளி கும்மி, ஜமாப் குழுக்களில் ஐ.டி. இளைஞர்களும் இருக்கிறார்கள். அடுத்த ஆசை, யூடியூபில் சொந்தப் பாட்டு. அங்கேதான் கேள்வி வருகிறது: ‘எல்லாரும் சேர்ந்து ஒரே டேக்குல அடிச்சிடலாமா, தனித்தனியா எடுக்கலாமா?’

முன்பு எப்படி?

1931இல் ‘காளிதாஸ்’ வந்த காலத்தில் நடிகர் பாட, பக்கவாத்தியம் வாசிக்க, எல்லாம் படப்பிடிப்புத் தளத்திலேயே பதிவாகும். பிறகு பின்னணி பாடும் முறை வந்தும், இளையராஜாவின் ஆரம்பக் காலப் பாடல்கள் வரை வயலின், தபேலா, பாடகர் எல்லோரும் ஒரே நேரத்தில் பாடி வாசிப்பதே வழக்கம். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து! 1963 பிப்ரவரி 11 அன்று பீட்டில்ஸ் குழு தன் முதல் ஆல்பத்துக்காக 10 பாடல்களை ஒரே நாளில் முடித்ததும் இப்படித்தான்.

1992இல் ‘ரோஜா’ வந்தபோது, ஏ.ஆர்.ரஹ்மான் வீட்டோடு அமைத்த பஞ்சதன் ஸ்டுடியோவில் அடுக்கடுக்காகப் பாட்டைக் கட்டும் முறை தமிழ் சினிமாவில் பிரபலமானது. இன்று லேப்டாப் இருந்தால் யாரும் அதைச் செய்யலாம்.

தனித்தனியில் என்ன லாபம்?

செலவு குறைவு. இரண்டு மைக் செருகும் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும். தப்பு வந்தால் அந்த வாத்தியத்தை மட்டும் திரும்ப எடுக்கலாம். விசைத்தறி ஓடும் ஊரில் இது பெரிய விஷயம். தறி நிற்கும் நேரம் பார்த்து ஒவ்வொன்றாக முடிக்கலாம்.

என்ன இழக்கிறோம்?

உறுமிக்காரர் பம்பைக்காரரின் கையைப் பார்த்து வாசிப்பவர். கும்மியில் பாட்டு போகப் போக வேகம் ஏறும். அந்த ஏற்றத்தை யாரும் எண்ணி வைப்பதில்லை, கண்ஜாடைதான். ஹெட்போனில் ‘டிக் டிக்’ என ஒரே வேகத்தில் கிளிக் ஓடவிட்டுத் தனியாக அடிக்கச் சொன்னால், தாளம் சுத்தமாக இருக்கும். ஆனால் ஆட வைக்காது.

சேர்ந்து வாசித்தால் என்ன சிக்கல்?

நாதஸ்வரம் பம்பையின் மைக்கிலும் விழும். அப்போது நாதஸ்வரத்தில் வந்த பிசிறை மட்டும் அழிக்க முடியாது. இன்னொன்று நேரம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 3 மீட்டர் தள்ளியிருக்கும் மைக்குக்கு அதே அடி 9 மில்லிநொடி தாமதமாகக் கேட்கும். இரண்டையும் கலந்தால் மேளம் மெலிந்துபோன மாதிரி ஒலிக்கும்.

இதற்கு ஒலிப்பதிவாளர்கள் பின்பற்றும் எளிய விதி 3:1. வாத்தியத்துக்கும் அதன் மைக்குக்கும் 1 அடி என்றால், அடுத்த மைக் 3 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

அப்போ எதைத் தேர்ந்தெடுப்பது?

* பம்பை, உறுமி, பறை மூன்றும் ஒரே டேக். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி உட்காருங்கள். கிளிக் வேண்டாம். பாடகர் மெல்லிய குரலில் ‘ட்ராக்’ பாடினால் போதும்.
* அதை ஹெட்போனில் கேட்டபடி நாதஸ்வரம், பிறகு பாட்டு, கடைசியில் கோரஸ், கைத்தட்டல்.
* மைக் இரண்டுதானா? மேளத்துக்கு எதிரே இரண்டையும் வைத்து, சத்தம் அதிகமான வாத்தியத்தைப் பின்னால் தள்ளுங்கள். உட்காரும் இடம்தான் இங்கே மிக்ஸிங்.
* தகரக் கூரை, வெறும் சுவர் வேண்டாம், எதிரொலி அடிக்கும். ஜமுக்காளம், போர்வை தொங்கவிடுங்கள். தறி ஊரில் அதற்கா பஞ்சம்?

சுருக்கமாக, ஒருவரை ஒருவர் பார்த்து வாசிக்கிறவர்களைப் பிரிக்காதீர்கள். மற்றதைத் தனியாக எடுக்கலாம். சுருதி பிசகினால் மென்பொருள் ஓரளவு சரிசெய்யும். சேர்ந்து ஏறும் அந்த வேகத்தைப் பிறகு எந்த ஆப்பிலும் சேர்க்க முடியாதுங்க.