விசாவுக்கு விலை கொடுக்க வேண்டியவர் யார்?

மகன் அயல்நாடு புறப்படுகிறான் என்றால், அவனுக்கு முன்பே வீட்டை விட்டுப் புறப்படுவது உம்மாவின் கழுத்துச் சங்கிலி. அடுத்து, தங்கையின் திருமணத்திற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த வளையல்கள். அதுவும் போதாவிடில் தென்னந்தோப்பின் பத்திரம். தேங்காய்ப்பட்டணம், குளச்சல், திருவிதாங்கோடு, தக்கலை, இடலாக்குடி என நம் குமரி மாவட்டத்து ஊர்களில் இக்காட்சியைக் காணாத தெரு அரிது. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கண்ணீருடன் விடைகொடுத்துத் திரும்பும் குடும்பத்தார், வீடு வந்து சேருமுன்பே முதல் மாத வட்டியை எண்ணத் தொடங்கிவிடுகின்றனர்.

"விசாவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று ஊரார் கேட்பர். "ஏன் கொடுத்தீர்கள்?" என்று கேட்பார் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்டாக வேண்டும்.

கபீல் என்ற சொல்

கபீல் என்னும் அரபுச் சொல்லுக்குப் பொறுப்பேற்பவர் என்பது பொருள். அன்னை மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பை ஸக்கரிய்யா நபி (அலை) அவர்கள் ஏற்றதைக் கூறும் இடத்தில் திருக்குர்ஆன் இதே வேர்ச்சொல்லைத்தான் ஆள்கிறது. அப்பொறுப்பை யார் ஏற்பது என்று பெரியவர்கள் தம்முள் போட்டியிட்டனர்; எவரும் அதற்கு விலை கேட்கவில்லை.

வளைகுடா நாடுகள் வெளிநாட்டுத் தொழிலாளிக்குப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டுமென்று விதித்தபோது இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டன. தொழிலாளியை வரவழைப்பவர் அவர். உழைப்பின் பலனைப் பெறுபவரும் அவர். ஆகவே செலவும் அவருடையதே என்பதுதான் நியாயம். அந்நாடுகளின் சட்டமும் அவ்வாறே கூறுகிறது.

சட்டம் கூறுவது

சவூதி அரேபியத் தொழிலாளர் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இதில் ஐயத்திற்கு இடமே வைக்கவில்லை. ஆளை வரவழைக்கும் கட்டணம், இக்காமா, வேலை அனுமதி, அவற்றின் புதுப்பிப்பு, தாமதத்தால் விதிக்கப்படும் அபராதம், விடுமுறைக்குச் சென்று திரும்பும் அனுமதி ஆகிய அனைத்தும் முதலாளியின் பொறுப்பு. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் விமானச் சீட்டும் பொதுவாக அவருடையதே. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், ஆளெடுப்புச் செலவை நேரடியாகவோ மறைமுகமாகவோ தொழிலாளியிடம் வசூலிப்பதைத் தடை செய்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆம் உடன்படிக்கையின் அடிப்படை விதியும் இதுவே.

நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், உரிமம் பெற்ற முகவர் தம் சேவைக்காக ஒரு தொகை பெற்றுக்கொள்ள இடமளிக்கிறது. அதற்கும் எல்லை உண்டு. ரூபாய் 30,000, அதன் மீது 18 விழுக்காடு வரி சேர்த்து ரூபாய் 35,400. இதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் அது குற்றம்.

இனி ஊர் நிலவரத்தை எண்ணிப் பாருங்கள். இலட்சம், இரண்டு இலட்சம் என்று கைமாறும் தொகை எந்தச் சட்டத்தின் கீழ் வாங்கப்படுகிறது? இரசீது உண்டா? கேட்டால், "இதற்கெல்லாம் யார் இரசீது தருவார்கள்?" என்று நகைப்பர். இரசீது தர இயலாமைக்குக் காரணம், வாங்குவது குற்றமாய் இருப்பதே.

விற்பவர் யார்?

பழியை அரபியின் தலையில் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. விசா கைமாறும் வழியைப் பாருங்கள். ஆள் தேவையில்லாத ஒருவர் அரசிடம் விசா பெறுகிறார். அதை அங்கே பல்லாண்டு வேலை பார்க்கும் நம் நாட்டவர் ஒருவர் விலைக்கு வாங்குகிறார். தம் இலாபத்தை வைத்து ஊரிலுள்ள ஏஜெண்டுக்கு அனுப்புகிறார். ஏஜெண்டு தம் பங்கைச் சேர்க்கிறார். கடைசியில் கொடுப்பவர் நம் தெருவிலுள்ள ஓர் ஏழை வாப்பா. சில வேளைகளில் அந்த இடைத்தரகர் வேறு யாருமல்லர்; ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் உரசித் தொழுதவர், சொந்த மச்சான், பெரியம்மா மகன். "உறவுக்காரன் என்பதால் பத்தாயிரம் குறைத்துக்கொண்டேன்" என்று பெருமை பேசுவோரும் நம்மிடையே உண்டு.

இவ்வாறு விற்கப்படுவதில் பெரும்பகுதி 'ப்ரீ விசா' எனப்படுவது. கபீல் வேலை தரமாட்டார். வெளியில் எங்கேனும் தேடிக்கொள்ள வேண்டும். அப்படியொரு விசா எந்த நாட்டின் சட்டத்திலும் இல்லை. தம் கபீலன்றி வேறொருவரிடம் வேலை பார்ப்பது சவூதிச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி குற்றம். 2013-இல் சவூதி அரசு அளித்த பொதுமன்னிப்புக் காலம் நவம்பர் 3-ஆம் நாள் முடிந்ததும் தேடுதல் வேட்டை தொடங்கியது. விசாவுக்குப் பட்ட கடன் தீராமலே ஊர் திரும்பியவர்கள் ஏராளம். கபீல் 'ஹுரூப்' என்று எழுதிவிட்டால், ஓடிப்போனவன் என்ற பட்டத்தோடு சிறையும் நாடு கடத்தலும் காத்திருக்கின்றன.

ஒரு சிறு கணக்கு

சவூதியில் வெளிநாட்டுத் தொழிலாளிக்கான மாதாந்திரக் கட்டணம் 2018-இல் 300, 400 ரியால் என உயர்த்தப்பட்டு, ஆண்டுதோறும் ஏறி, 2020 ஜனவரியில் 700, 800 ரியால் ஆயிற்று. தொழிற்சாலைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் சில விலக்குகள் தரப்பட்டன. எஞ்சிய இடங்களில் இதைச் செலுத்த வேண்டியவர் முதலாளி. ஆனால் ப்ரீ விசாவில் சென்றவரிடம் கபீல், "நீயே கட்டிக்கொள்" என்று கூறிவிடுகிறார்.

மாதம் 800 வீதம் ஆண்டுக்கு 9,600 ரியால். இக்காமா கட்டணம் 650. ஆக 10,250. மாதம் 1,500 ரியால் சம்பாதிப்பவரின் ஆண்டு வருமானம் 18,000. எஞ்சுவது 7,750, அதாவது மாதம் 650 ரியாலுக்கும் குறைவு. இதில்தான் உணவு, அறை வாடகை, கபீல் தனியாகக் கேட்கும் மாதப்படி. வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும்?

வீட்டு டிரைவர் போன்ற வீட்டுப் பணி விசாக்களுக்கு இந்த மாதக் கட்டணம் பொதுவாக இல்லை. ஆகவே அந்த விசாவை வாங்கிக்கொண்டு கடையில் வேலை பார்க்கும் பழக்கம் பரவியது. செலவு குறைந்தது, பிடிபட்டால் கதி என்ன என்ற அச்சம் கூடியது.

ஊரில் கடன் வேறு வளர்கிறது. நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு இரண்டு இலட்சம் வாங்கியவர் மாதம் 6,000 ரூபாய் வட்டி மட்டுமே கட்டுகிறார். இரண்டாண்டு ஒப்பந்தம் முடியுமுன் 1,44,000 ரூபாய் வட்டியாகப் போகிறது. முதல் அப்படியே நிற்கிறது. ஹலாலான சம்பாத்தியத்தைத் தேடிப் புறப்படும் பயணம், மார்க்கம் வன்மையாகத் தடுத்த வட்டியில் தொடங்குகிறது. இதைவிடப் பெரிய முரண் வேறு உண்டோ?

கடலோரத்தின் பாடம்

இத்துயரம் நம் சமுதாயத்தினருக்கு மட்டும் உரியதன்று. நம் கடற்கரைக் கிராமங்களின் மீனவச் சகோதரர்களும் கபீலை நம்பியே வளைகுடாப் படகுகளுக்குச் செல்கின்றனர். 2020-இல் கொரோனா பரவியபோது ஈரானின் துறைமுகங்களில் சிக்கிய தமிழக மீனவர்களில் குமரி மாவட்டத்தார் பலர். வருமானமின்றி மாதக்கணக்கில் தவித்த பின், ஐ.என்.எஸ். ஜலாஷ்வா என்ற கடற்படைக் கப்பல் 687 பேரை ஏற்றிக்கொண்டு அவ்வாண்டு ஜூலை 1-இல் தூத்துக்குடி வந்து சேர்ந்தது. பொறுப்பேற்பவர் என்ற பெயருடைய கபீல், நெருக்கடியில் தொழிலாளியைக் கரைசேர்க்கவில்லை என்பதே அது தரும் பாடம்.

படித்தவருக்கும் எச்சரிக்கை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காட்டுடன் தமிழகத்திலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்றது குமரி மாவட்டம். இதிலும் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அவருடைய ஒப்பந்தத்தை அரசு அலுவலர் பார்வையிடுவார். தேறியவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. அவருடைய ஒப்பந்தத்தை அலுவலர் எவரும் பார்ப்பதுமில்லை. ஆகவே படித்த இளைஞர்தாம் தம் ஒப்பந்தத்தைத் தாமே இருமுறை படிக்கக் கடமைப்பட்டவர்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஏஜெண்டின் உரிமம் செல்லத்தக்கதா என்பதை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்த்துவிட்டே பேச்சைத் தொடங்குங்கள். தமிழக அரசு 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் அணுகலாம்.

இரண்டாவதாக, எதையும் எழுத்தில் பெறுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வதைப் பற்றியது. "நம்ம ஆள்தானே" என்ற நம்பிக்கை அந்தக் கட்டளையை விட உயர்ந்ததா?

மூன்றாவதாக, விசாவில் எழுதியுள்ள தொழிலும் போய்ச் செய்யப்போகும் தொழிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். இல்லையேல் பணம் கொடுக்காதீர்கள். புறப்படுமுன் பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டை எடுக்க மறவாதீர்கள். 2017-இல் திருத்தப்பட்ட அத்திட்டத்தில் இரண்டாண்டுக்கு 275 ரூபாய் பிரீமியம்; விபத்து மரணத்திற்கும் நிரந்தர ஊனத்திற்கும் 10 இலட்சம் ரூபாய்ப் பாதுகாப்பு.

நான்காவது, ஜமாஅத்துகளுக்குரியது. மஹல்லாவின் பைத்துல்மாலில் அயல்நாடு செல்வோருக்கென வட்டியில்லாக் கடன் நிதி ஒன்றை ஏற்படுத்தலாம். சட்டம் அனுமதிக்கும் தொகைக்கு மட்டுமே, இரசீதைக் கண்ட பிறகே கடன் என்று விதி வைத்தால், ஏழைக்கு உதவி கிடைக்கும். விசா வணிகருக்கு வாயில் அடைபடும். ஊர்ப்பெரியவர்கள் முன்னிலையில் கைமாறும் பணத்தை ஏமாற்ற எவரும் எளிதில் துணியார்.

வேலை தேடி அயல்நாடு சென்ற தொழிலாளி ஒருவரைத் திருக்குர்ஆன் நமக்குக் காட்டுகிறது. எகிப்தை விட்டு வெறுங்கையுடன் மத்யன் வந்தவர் மூஸா நபி (அலை) அவர்கள். அவரைப் பணிக்கு அமர்த்திய பெரியவர் காலத்தை வரையறுத்தார். நிபந்தனையைத் தெளிவாகச் சொன்னார். உம்மைச் சிரமப்படுத்த விரும்பவில்லை என்ற உறுதியையும் தந்தார். தங்க இடமும் கொடுத்தார். தம் மகளையும் மணமுடித்துக் கொடுத்தார். கட்டணம் எதுவும் கேட்கவில்லை.

விசா வாங்கி விற்கும் சகோதரர்களே! நீங்களும் ஒருநாள் கடன்பட்டுக் கண்ணீருடன் விமானமேறியவர்கள்தாம். உங்கள் உம்மாவின் நகை மீட்கப்பட எத்தனை ஆண்டுகள் ஆயின என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நினைவோடு, அடுத்த விசாவை ஓர் ஏழைக்கு விலையின்றிக் கொடுத்துப் பாருங்கள். அந்த வீட்டில் உயரும் கைகளின் துஆ, இன்ஷா அல்லாஹ், நீங்கள் இழந்த இலாபத்தினும் பன்மடங்காக உங்களிடம் வந்து சேரும்.