மூக்கின் நடுக்கோட்டு டெர்மாய்டு கட்டி: கீறுமுன் கண்டறிதல்

கருவில் முகப்பகுதிகள் இணையும் கோட்டில் தோல்திசு உள்ளே சிக்குவதால் உருவாவது டெர்மாய்டு கட்டி. பெரும்பாலும் புருவத்தின் வெளிமுனையில் காணப்படும். மூக்கின் நடுக்கோட்டில் தோன்றுவது அரிது. ஆபத்தோ அங்கேதான் மிகுதி. சில வேளைகளில் அதன் பாதை மண்டையோட்டைக் கடந்து மூளையுறை வரை நீளும். சாதாரணக் கட்டி எனக் கருதிக் கீறினால் மூளையுறை அழற்சி நேரலாம். மூக்கின்மேல் சிறு குழியும் அதிலிருந்து நீளும் முடியும் முக்கியத் தடயங்கள். குழந்தை அழும்போது வீக்கம் பெருத்தால் அது மூளைப் பிதுக்கமாக இருக்கக்கூடும். டெர்மாய்டு கட்டி அவ்வாறு பெருப்பதில்லை. இச்சோதனையை மட்டும் நம்புதல் தகாது. எம்.ஆர்.ஐ. படம் எடுக்குமுன் ஊசியால் உறிஞ்சுவதோ திசு எடுப்பதோ கூடாது. அகற்றிய கட்டியின் சுவரில் மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் நுண்ணோக்கியில் தென்பட்டால் நோயறிதல் உறுதியாகும். எபிடெர்மாய்டு கட்டியின் சுவரில் இவை இரா.