எபெத்மெலேக் இறக்கிய கந்தைத் துணி

ஓசூர் சிப்காட் இரண்டாம் கட்டத்துக்குப் பின்புறம், மாடியில் வாடகைக்கு எடுத்த ஒரு கூடம். ஞாயிறு காலை எட்டரை மணி. கீழே டீக்கடையில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள் யூனிபாரத்தோடு நிற்கிறார்கள். மேலே இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாடம் நடத்துகிற பெண் வார நாட்களில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவர். ஞாயிறு மட்டும் சண்டே கிளாஸ் டீச்சர்.

அன்றைக்கு எரேமியா 38-ஆம் அதிகாரம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து வாசித்தான். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு, மேட்டில் சைக்கிள் மிதிப்பது போல வாசித்தான். ஒரு சொல்லில் நின்றுவிட்டான்.

“துரவுன்னா என்ன டீச்சர்?”

“தோட்டம் துரவுன்னு பாட்டி சொல்லுவாங்கல்ல? அந்தத் துரவுதான். பெரிய கிணறு.”

“எங்க பாட்டி தெலுங்கு டீச்சர்.”

டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கதையாகவே சொன்னார். எருசலேம் முற்றுகையில் கிடக்கிறது. பிடிக்காத உண்மையைச் சொன்ன தீர்க்கதரிசி எரேமியாவைத் துரவில் இறக்கிவிடுகிறார்கள். தண்ணீர் இல்லை, சேறு மட்டும்தான். அவர் அதில் அமிழ்ந்து கிடக்கிறார். சொந்த ஜனங்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அரண்மனையில் வேலை செய்கிற எத்தியோப்பியன் ஒருவன், எபெத்மெலேக், நேராக ராஜாவிடம் போய் நியாயம் கேட்கிறான். உத்தரவு வாங்கி முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகிறான். போகிற வழியில் அரண்மனைக் கிடங்கில் நுழைந்து, கிழிந்த கந்தைத் துணிகளை அள்ளிக்கொள்கிறான். அவற்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, கயிறு அறுக்காமல் இருக்க அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்கிறான்.

“காட்டன் வேஸ்ட்!” என்றாள் முன்வரிசைப் பெண் குழந்தை. அவள் அப்பா மெஷின் ஆபரேட்டர். எண்ணெய்க் கை துடைக்கிற அந்தப் பஞ்சுக் கழிவு மூட்டையை அவள் வீட்டிலேயே பார்த்திருக்கிறாள். “அதேதான்டா கண்ணு” என்றார் டீச்சர்.

பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நான், பிறகு பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்த வண்ணப் படப் புத்தகத்தைப் புரட்டினேன். நல்ல வழுவழுப்பான தாள், ஆங்கில வரிகள். எரேமியா இருந்தார், கயிறு இருந்தது. கயிற்றைப் பிடித்திருந்த எபெத்மெலேக் வெளுத்த தோலும் செம்பட்டை முடியுமாக நின்றான். எத்தியோப்பியன் என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. மேஜைமேல் கிடந்த பழைய தமிழ் வேதாகமத்திலோ அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. பையன் எழுத்துக் கூட்டிக் கூட்டி அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தான்.

இஸ்ரவேலரின் வரலாற்றிலிருந்து ஆப்பிரிக்காவைக் கழித்தால் மிச்சம் என்ன இருக்கும்? ஆபிரகாம் பஞ்சம் பிழைக்கப் போனது எகிப்துக்கு. யோசேப்பு விற்கப்பட்டது அங்கே. மோசே வளர்ந்தது பார்வோன் வீட்டில். அவர் எத்தியோப்பியப் பெண்ணை மணந்ததற்காக உடன்பிறந்தவர்களே குறை பேசினார்கள் என்று எண்ணாகமம் 12 சொல்கிறது. குறை பேசிய மிரியாமுக்குத்தான் தண்டனை கிடைத்தது. அசீரியப் படை எருசலேமை நெருக்கியபோது எதிர்த்துப் புறப்பட்டு வந்ததாக இரண்டாம் இராஜாக்கள் குறிப்பிடும் கூஷ், அதாவது எத்தியோப்பிய, அரசர், எகிப்தையும் ஆண்ட கறுப்பு அரச மரபைச் சேர்ந்தவர். குழந்தை இயேசுவுக்கு உயிர்ப் பயம் வந்தபோது ஒளிய இடம் கொடுத்ததும் எகிப்துதான். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் ஐந்தாம் நிலையில் நாம் முழங்காலிடுகிறோமே, அங்கே சிலுவையைத் தாங்குகிற சீமோனின் சிரேனே ஊர் இன்றைய லிபியாவில் இருக்கிறது. இவ்வளவு ஏன், வேதாகமத்துக்கு வெளியே ‘இஸ்ரவேல்’ என்ற பெயர் முதன்முதலாகக் காணக் கிடைப்பதே ஆப்பிரிக்க மண்ணில்தான். சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் பார்வோன் மெர்நெப்தா வெட்டிவைத்த கல்லில் அந்தப் பெயர் இருக்கிறது. அந்தக் கல் 1896-ல் எகிப்தின் தீப்ஸ் நகரில் கிடைத்தது.

பிள்ளைகளுக்கு எண்கள் பிடிக்கும். வேதாகமத்தில் எத்தனை புத்தகங்கள் என்று கேட்டால் 66 என்று கத்துவார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் 73 என்பார்கள். எத்தியோப்பியத் திருச்சபை 81 என்று எண்ணுகிறது என்று நான் சொன்னபோது வகுப்பே என் பக்கம் திரும்பியது. அவற்றில் ஒன்றான ஏனோக்கின் புத்தகம் முழுமையாகப் பிழைத்திருப்பது அந்த நாட்டின் பழைய கீஸ் மொழியில் மட்டும்தான். நாலாம் நூற்றாண்டில் அக்சும் அரசர் எசானா நாணயத்தில் சிலுவை பொறித்தார். ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு அப்போது சுவிசேஷமே எட்டவில்லை.

இது ஏதோ தூர தேசத்துச் செய்தி என்று நினைப்பவர்கள் ஓசூர் இருக்கிற கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சொந்தக் கதையைக் கேட்க வேண்டும். மிசௌரி லுத்தரன் மிஷன் இந்தியாவில் முதல் நிலையத்தைத் தொடங்கிய ஊர் கிருஷ்ணகிரி. ஆண்டு 1895. தொடங்கிய தியோடர் நேதர் 1904-ல் பிளேக் நோயில் இறந்துபோனார். அதற்கு அடுத்த ஆண்டு அந்தப் பணியில் சேர வந்தவர் ஹென்றி நாவ் என்கிற இளைஞர். பிறகு நாகர்கோவில் பக்கம் போய் வேலை செய்தார். முதல் உலகப் போருக்குப் பின் அவர் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியது. அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரிக்குத் தலைவரானார்.

அந்தக் கல்லூரிக்கு நைஜீரியாவின் தென்கிழக்கிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் ஜோனத்தன் ஏகோங், இபெசிக்போ என்ற பகுதிக்காரர். ஊர் மக்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, எங்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்க ஆள் அழைத்து வா என்று 1920-களின் இறுதியில் அவரைக் கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள். 1936-ல் அந்த அழைப்பை ஏற்று நைஜீரியாவில் போய் இறங்கியவர், முன்பு தமிழ்நாட்டில் தமிழ் கற்று ஊழியம் செய்த அதே ஹென்றி நாவ். ஒரு சபை கிருஷ்ணகிரிக்கும் இபெசிக்போவுக்கும் இடையே இப்படிப் பாலம் போட்டிருக்கிறது. நான் உட்கார்ந்து பார்த்த வகுப்புகளில் ஒன்றில்கூட இந்தக் கதை சொல்லப்படவில்லை. வெள்ளைக்காரர் வந்தார், கறுப்பர்கள் கேட்டார்கள் என்று சுருக்கிவிடவும் முடியாத கதை இது. ஊர் கூடிக் காசு போட்டு ஆசிரியரைத் தேடி ஆள் அனுப்பியது ஆப்பிரிக்கர்கள்.

நோவாவின் சாபம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நோவாவின் மகன் காமின் வம்சம் சபிக்கப்பட்டது, அதனால்தான் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளானார்கள் என்ற கதையை அடிமை வியாபாரம் நடத்தியவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் பரப்பினார்கள். ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சாபம் விழுவது காமின் மகன்களில் கானான்மேல், ஆப்பிரிக்கர்களின் மூதாதையாகக் கருதப்படும் கூஷ்மேல் அல்ல. ஒரு மூத்த உபதேசியார் இன்னமும் அந்தப் பழைய கதையை நம்பிக்கொண்டிருந்தார். வசனத்தை விரல் வைத்துக் காட்டியதும் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இத்தனை வருசமா இதை நான் சரியா வாசிக்கலயே தம்பி” என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

ஆப்பிரிக்க மரபுகளைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள், முன்னோர் வழிபாட்டுக்கே போய்விடுவார்கள் என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கென்யாவின் ஜான் எம்பிட்டி ஓர் ஆங்கிலிக்கன் குருவானவர். அவர்தான் 1969-ல் ஆப்பிரிக்கச் சமயங்களைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலில் முன்னோரைப் பற்றி விளக்கினார். செத்தவரின் பெயரைச் சொல்லி நினைக்கிற, அவரை நேரில் அறிந்த ஒருவர் உயிரோடு இருக்கும்வரை அந்த இறந்தவரும் வீட்டில் ஒருவர்தான் என்பது அந்த மக்களின் எண்ணம் என்றார். நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளில் இதே மாவட்டத்தின் எலத்தகிரியிலோ மத்திகிரியிலோ மெழுகுவத்தி ஏற்றிவைத்துத் தாத்தா பெயர் சொல்லி அழுகிற குடும்பத்துக்கு இதை யாராவது விளக்க வேண்டுமா?

இந்த மாவட்டம் நடுகற்களின் மாவட்டம். ஏரிக்கரையில், புளியமரத்தடியில், பேருந்து நிறுத்தத்தின் பின்னால் என்று எங்கே பார்த்தாலும் ஒரு வீரன் கல்லில் நிற்கிறான். மல்லசந்திரம் குன்றில் நூற்றுக்கணக்கான கல்திட்டைகள் உள்ளன. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. மரபாகச் சொல்லப்படும் ஆபிரகாமின் காலத்துக்கும் முந்தியது அது. யாக்கோபு தன் ராகேலின் கல்லறைமேல் தூண் நட்டதை இந்த மண்ணின் பிள்ளைக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. யோர்தானைக் கடந்ததும் பன்னிரண்டு கற்களை எடுத்துவரச் சொல்லி நாட்டினார் யோசுவா. இந்தக் கற்கள் என்ன என்று நாளைக்குப் பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்பதுதான் அதற்கு அவர் தந்த காரணம். என்னைக் கேட்டால், சமயக் கல்விக்கு அதைவிடத் தெளிவான பாடத்திட்டம் கிடையாது. முதலில் கல், பிறகு பிள்ளையின் கேள்வி, அதன் பிறகே பெரியவரின் பதில்.

அந்தப் பதில் எந்த மொழியில் என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

எத்தனை வகுப்புகளுக்குப் போனாலும் கடைசியில் இந்த ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டேன். தமிழ் வேதாகமத்தைத் தடையில்லாமல் வாசிக்கிற பிள்ளை அரிதாகிவிட்டது. ஓசூரில் அம்மா தெலுங்கு, பக்கத்து வீடு கன்னடம், பள்ளிக்கூடம் ஆங்கிலம். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் நாலாவது மொழியோ ஐந்தாவதோ. கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளி தாண்டிப் பள்ளி போகிறவர்களின் பாட அட்டவணையில் தமிழே கிடையாது. 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது உண்மை. எல்லைப் பகுதியில் அதன் கை எவ்வளவு நீளும் என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ஆராதனையில் திரையில் ஓடுகிற பாட்டு வரிகள் ஆங்கில எழுத்தில் தமிழ். வசனம் வேண்டுமென்றால் செல்போன் செயலி வாசித்துக் காட்டுகிறது. பிள்ளைகள் கேட்கிறார்கள், தலையாட்டுகிறார்கள். கண் எழுத்தின்மேல் படுவதில்லை.

ஆங்கிலத்தில் படித்தால் என்ன, கடவுளுக்கு எல்லா மொழியும் ஒன்றுதானே என்று ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நடப்பது ஆங்கில வேதாகமத்தை வாசிப்பதும் அல்ல. தமிழில் மூலத்தை வாசிக்க முடியாத பிள்ளைக்குப் படப் புத்தகமும் கார்ட்டூனும் போதும் என்று ஆகிவிடுகிறது. அவை வேறெங்கோ, வேறு பிள்ளைகளை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. அங்கே மோசேயின் எத்தியோப்பிய மனைவி இல்லை. எபெத்மெலேக் வெளுத்துவிட்டான். எழுத்தில் இருக்கிற ஆப்பிரிக்கா படத்தில் காணாமல் போகிறது. கறுத்த தோலோடு ஓசூரில் வளர்கிற நம் பிள்ளை, வேதாகமத்தில் தன் நிறத்தில் ஒருவருமே இல்லை என்று நம்பிக்கொண்டு வளர்கிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

1715-ல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. கத்தோலிக்கர்களும் மற்ற சபையாரும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பு 1995-ல் வெளிவந்தது. நடுவில் இருக்கிற 280 ஆண்டுகளில், பள்ளிக்கூட வாசலை மிதிக்காத எத்தனை பாட்டிகள் இந்தப் புத்தகத்தை வைத்தே எழுத்துக் கற்றார்கள்! என் பாட்டி அப்படிக் கற்றவர். கண்ணாடி இல்லாத நாளில் விரலால் வரியைத் தடவிக்கொண்டே வாசிப்பார். அவர் வாயில் ‘துரவு’ என்ற சொல் சாதாரணமாகப் புழங்கியது.

சிப்காட் மாடிக்கு மறு வாரமும் போனேன். அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரம். எத்தியோப்பிய ராணியின் கஜானாவுக்குப் பொறுப்பான பெரிய அதிகாரி, எருசலேமிலிருந்து ஊர் திரும்பும் வழியில் இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டே போகிறார். சத்தமாக வாசித்திருக்க வேண்டும். பக்கத்தில் ஓடிவந்த பிலிப்புவின் காதில் விழுந்திருக்கிறதே. வாசிப்பது விளங்குகிறதா என்று பிலிப்பு கேட்க, யாராவது சொல்லிக்கொடுத்தால்தானே என்கிறார் அவர்.

போன வாரம் வாசித்த அதே பையன் கை தூக்கினான்.

“அவர் எந்த மொழியில டீச்சர் படிச்சாரு?”

டீச்சர் என்னைப் பார்த்தார். கிரேக்கமாக இருக்கலாம், அன்றைக்கு எல்லா ஊரிலும் புழங்கிய மொழி அது, அவருடைய தாய்மொழி அல்ல என்றேன்.

பையன் கொஞ்சம் யோசித்தான்.

“அப்போ அவரும் எழுத்துக் கூட்டித்தான் படிச்சிருப்பாரு” என்றான். பிறகு எழுந்து, விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தான்.