நிலத்தின் விலையை எழுதுவது யார்?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது முதல், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் வட்டாரத்தில் நிலத்தைப் பற்றிய பேச்சு ‘சென்ட் என்ன விலை?’ என்ற ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. விலை ஏறியது உண்மைதான். ஏறிய விலை ஊர்க்காரர் கைக்கு வந்ததா என்பது வேறு விஷயம். சிப்காட்டுக்கோ, சாலைக்கோ, இப்போது பரந்தூர் விமான நிலையத்துக்கோ நிலம் எடுக்கும்போது ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகை அன்றைக்கு அதிகாரியின் மேசையில் மட்டும் முடிவாவதில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்தக் குடும்பமும் அக்கம்பக்கத்தாரும் எழுதிய பத்திரங்களிலும், எழுதாமல் விட்ட பத்திரங்களிலும் பெரும்பகுதி ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். 2013ஆம் ஆண்டின் மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டம், எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க ஆய்வு வேண்டும் என்கிறது. தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டின் சம்மதம் வேண்டும் என்கிறது. இது நமக்கும் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுப்பதற்கு 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் தனியாக இருக்கிறது. அது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் தீர்ப்பளித்தது. மாநில அரசு அதே ஆண்டில் வேறொரு சட்டம் இயற்றி அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இதனால் இழப்பீட்டுக் கணக்கும் மறுவாழ்வு உதவிகளும் மத்தியச் சட்டத்தின்படி கிடைக்கும். தாக்க ஆய்வும் சம்மதமும் கிடைக்காது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்க்கும் ஏகனாபுரம் போன்ற ஊர்களின் கிராம சபைத் தீர்மானங்களுக்கு அரசியல் வலு உண்டு, ஆனால் அந்தத் தீர்மானங்களால் மட்டும் இந்தச் சட்டத்தின் கையைக் கட்ட முடியாது. ‘ஏன் எடுக்கக் கூடாது?’ என்று காரணம் கேட்டு வரும் நோட்டீஸுக்குக் கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுப்பதுதான் நில உடைமையாளருக்கு மிஞ்சும் வாய்ப்பு. அதன்பின் அரசிதழில் அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் அரசுடையதாகிவிடும்.

இனி விலைக்கு வருவோம். மத்தியச் சட்டம் சந்தை மதிப்பை வாய்ப்பேச்சில் கேட்பதில்லை. அரசின் வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம், முந்தைய 3 ஆண்டுகளில் அருகில் பதிவான கிரயங்களில் அதிக விலை காட்டிய பாதியின் சராசரி மறுபக்கம்; இரண்டில் எது அதிகமோ அது அடிப்படை. கிராமப்புறமாக இருந்தால் அதை 1 முதல் 2 வரையிலான ஒரு காரணியால் பெருக்குகிறார்கள், பிறகு அதே அளவுக்கு ஆறுதல் தொகை சேர்கிறது. அடிப்படை விலையில் விடுபடும் ஒவ்வொரு ரூபாயும் முடிவில் 2 முதல் 4 ரூபாய் வரை வளர்ந்து விடுபடும் என்று பொருள். ஊரில் நடப்பதோ வேறு. 40 லட்சத்துக்கு விற்ற நிலத்தை, முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்த, வழிகாட்டி மதிப்பான 10 லட்சத்துக்குப் பதிவு செய்கிறார்கள்; மீதி ரொக்கமாகக் கைமாறுகிறது. அந்தப் பத்திரம் பக்கத்து நிலத்துக்காரரின் இழப்பீட்டையும் சேர்த்துக் குறைக்கிறது. 2017 ஜூனில் தமிழ்நாடு முழுவதும் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தபோது வாங்குவோரும் மனை வணிகரும் மகிழ்ந்தார்கள். கிராமத்து நில உடைமையாளர்கள் அன்று ஏன் எதிர்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான். அவர்களுடைய இழப்பீட்டின் தரைமட்டம்தான் அன்று இறங்கியது.

விலை சரியாக அமைந்தாலும் அதை யார் பெறுவது என்பதில் சிக்கல் வரும். தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா, பத்துப் பங்காளிகள் சேர்ந்த கூட்டுப் பட்டா, 1980களில் யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்பில் வேறொருவர் பெயருக்குப் போன சர்வே எண், இவை இந்த வட்டாரத்தில் புதியவை அல்ல. உரிமையில் தகராறு இருந்தால் இழப்பீட்டுத் தொகை நீதிமன்ற வைப்புக்குப் போய்விடும். வழக்கு முடியும்வரை குடும்பம் அதைத் தொட முடியாது. பெண் பிள்ளைகளின் பங்கை விட்டுவிட்டு எழுதிய பாகப்பிரிவினைகளும் இப்படித்தான் அப்போது உடைகின்றன. தரகர் பெயருக்கு ‘வேலை சுலபமாகும்’ என்று எழுதிக் கொடுத்த பொது அதிகாரப் பத்திரத்தை ரத்து செய்யாமல் விட்டவர்கள், தங்கள் நிலம் ஏற்கெனவே கைமாறிவிட்டதை வில்லங்கச் சான்றில்தான் பார்க்கிறார்கள்.

பட்டாவே இல்லாதவர்கள் நிலை இன்னும் கடினம். கடலோரக் குப்பங்களுக்குக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில் பெயராவது உண்டு; மீனவர்களின் நெடுங்கால வீட்டுத் தேவையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு அறிவிக்கை சொன்னது. ஏரியில் மீன் பிடித்தும், மேய்க்காலில் ஆடு மாடு ஓட்டியும், குத்தகைக்கு உழுதும் வாழும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு அப்படித் தனி அறிவிக்கை இல்லை. ஆனாலும் அவர்கள் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. எடுப்பதற்கு முன் 3 ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலிகளும், குத்தகைதாரரும், நீர்நிலையை நம்பிய மீனவரும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்கிறது 2013 சட்டம். வேலை, அல்லது ஒரே தவணையாக 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய் என்ற தெரிவு அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நிரூபிக்கத்தான் காகிதம் வேண்டும்: அடங்கலில் சாகுபடியாளர் பெயர், 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் குத்தகைப் பதிவு. பஞ்சமி நிலம் தனிக் கதை. 1890களில் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமன்ஹீர் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்த, பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கப்பட்ட அந்த நிலங்களை மற்றவர்கள் வாங்கினால் விற்பனை செல்லாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர் பணத்தை இழக்கிறார். நிலத்தை மீட்டுக்கொள்ளும் உரிமை அரசுக்கு இருக்கிறது.

‘ஆலை வந்ததால் வேலை வந்தது, வாடகை வருமானம் வந்தது, இத்தனை கவலை எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. வேலை வந்ததை மறுக்க முடியாது. ஆனால் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான வேலைகள் ஒரே அடியாய்ப் போயின. ஆலைக்கு வயது உண்டு. நிலத்தை விட்டுக்கொடுத்தவருக்குச் சரியான தொகை வந்திருந்தால்தான் அந்தக் காலத்தைத் தாண்ட முடியும். இன்னொரு மறுப்பு நியாயமானது: பதிவேட்டைக் குழப்பியது அரசு, அதைத் திருத்தும் அலைச்சல் மட்டும் ஏழைக்கா? அநீதிதான். ஆயினும் இழப்பீட்டு விசாரணையில் உரிமையை நிரூபிக்க வேண்டியவர் கேட்பவர்தான். அந்தச் சுமை நோட்டீஸ் வந்த பிறகு குறைவதில்லை.

ஆகவே நோட்டீஸுக்கு முன்பே செய்ய வேண்டியவை உண்டு. ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியில் பெயர் மாற்றத்துக்கும் உட்பிரிவுக்கும் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வட்டாட்சியர் மறுத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதற்குப் பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் இருக்கின்றன. இனி கிரயம் எழுதினால் உண்மை விலையைக் காட்டுங்கள். நிலம் எடுக்கும் பேச்சுவார்த்தையில் சம்மத ஒப்பந்தத்தில் அவசரமாகக் கையெழுத்திடாதீர்கள். பிறகு தொகையைக் கூட்டிக் கேட்கும் வழி அநேகமாக அடைபட்டுவிடும். தீர்மானித்த தொகை போதாது என்றால் ‘ஆட்சேபணையுடன் பெறுகிறேன்’ என்று எழுதிப் பெற்றுக்கொண்டு நீதிமன்றத்தை நாடலாம். வக்கீல் செலவு பயமாக இருந்தால், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தர வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.