ரிகாப்: முன்பணத்தில் பிணைப்புண்ட கழுத்துகள்

காஞ்சிப் பட்டின் கோர்வை முறையில் உடலும் கரையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்யப்படுகின்றன. கரை நாடாவை வீச நெசவாளியின் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். நெடுங்காலம் அக்கை பெரும்பாலும் ஒரு சிறுவனுடையதாக அல்லது சிறுமியுடையதாக இருந்தது. பெற்றோர் தறிக்காரரிடம் முன்பணம் பெறுவர். அது தீரும்வரை பிள்ளை வேறெங்கும் போகலாகாது. கூலியோ கடனைத் தீர்க்கப் போதாது. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார் பற்றி மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பின்னர் பள்ளிகளும் சட்டமும் நிலைமையை வெகுவாக மாற்றின. ஆயினும் 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்துக்கு வெளியே குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்கிறது. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஊரில் இவ்விலக்கின் எல்லையை யார் காண்பது?

ஆள்கடத்தல் என்றதும் எல்லை தாண்டும் லாரிகளே நம் நினைவுக்கு வருகின்றன. 2000ஆம் ஆண்டின் ஐ.நா. நெறிமுறைப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டவரைச் சுரண்டலுக்காகச் சேர்ப்பதே ஆள்கடத்தல். வற்புறுத்தலோ வஞ்சகமோ இருந்தாக வேண்டியதில்லை. பெற்றோரின் சம்மதமும் அதனை மாற்றாது. 2021இல் உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்ததாகச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டுள்ளது.

ஜகாத் பெறும் எட்டு இனத்தாரைக் கூறும் அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில் ‘ரிகாப்’, அதாவது கழுத்துகள், ஓர் இனம். விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்ட முகாதபையே அது குறிக்கும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. அடிமையை வாங்கி விடுதலை செய்யலாம் என்பது இமாம் மாலிக்கின் கருத்து. அந்நூர் 33ஆம் வசனமோ முகாதபுக்குச் செல்வத்திலிருந்து வழங்குமாறு ஏவுகிறது. அதே வசனம் பெண்களை விபசாரத்திற்கு நிர்ப்பந்திப்பதையும் தடுக்கிறது.

இவ்விரு வசனங்களையும் கருதி, தறிக்காரரின் முன்பணத்தை ஜகாத்திலிருந்து அடைத்துப் பிள்ளையை மீட்கலாமா என்று நல்லெண்ணத்துடன் கேட்போர் உண்டு. கூடாதென்றே நாம் கருதுகிறோம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அக்கடனையே அழித்துவிட்டது. அழிந்த கடனுக்காகப் பணம் பெறுபவருக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. இல்லாத கடனுக்கு ஜகாத் செலுத்துவது ஏழையின் உரிமையைக் குற்றவாளிக்கு அளிப்பதாகும். அப்பணம் மீட்கப்பட்டவரின் கையிலேயே, ஏழை என்ற தகுதியில், சேரவேண்டும்.

அரசின் உதவியும் உண்டு. 2016ஆம் ஆண்டுத் திட்டப்படி ஆடவருக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறார்க்கும் 2 லட்சம், கொடிய சுரண்டலுக்கு ஆளானோர்க்கு 3 லட்சம் ரூபாய். ஆனால் முழுத்தொகை குற்றத்தீர்ப்போடு பிணைக்கப்பட்டுள்ளது. வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீளும். கோட்டாட்சியரின் விடுதலைச் சான்றிதழ் இல்லையேல் தொடக்கமே இல்லை. எனவே பைத்துல்மால் நிதி வைத்திருக்கும் ஜமாஅத்துகள் முதலில் செய்யத்தக்கது, சான்றிதழ் பெறத் துணைநிற்பதும் தீர்ப்பு வரும்வரை அரிசிக்கும் பள்ளிக்கும் வழிசெய்வதுமே. இவ்விடைவெளியில்தான் குடும்பம் அதே தறிக்காரரிடம் அடுத்த முன்பணம் கேட்கச் செல்கிறது.