மீன் தொட்டிக்கு விளக்கு எத்தனை மணி நேரம்?

வெற்றிலைக் கொடிக்காலுக்கு அகத்தி நிழல் எவ்வளவு வேண்டும் என்று ஆத்தூர் விவசாயிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெயில் மிகுந்தால் இலை சிறுத்துத் தடிக்கும். நிழல் மிகுந்து ஈரம் தங்கினால் நோய் வரும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை, வெளிச்சத்தை அளந்து கொடுத்து வளர்த்த பயிர். கொடிக்காலோடு உபதொழிலாக வண்ண மீன் வளர்க்க முற்படுவோர் இதே கணக்கை மீன் தொட்டியிலும் கைக்கொள்ள வேண்டும்.

கண்ணாடித் தொட்டிக்கு நாளொன்றுக்கு 8 மணி நேர விளக்குப் போதும். நீர்ச்செடிகள் அடர்ந்திருந்தால் 10 மணி வரை எரியலாம். செடியே இல்லாவிட்டால் 6 மணியே தாராளம். மீனுக்குக் கண்ணிமை கிடையாது. இரவு முழுதும் விளக்கெரிந்தால் அதற்கு ஓய்வே இல்லை. வாங்க வருவோர் பெரும்பாலும் மாலையில் வருவதால், பிற்பகல் 2 மணிக்குப் போட்டு இரவு 10 மணிக்கு அணைப்பது வசதி. நேரத்தை நாள்தோறும் மாற்றக் கூடாது.

விளக்கு கூடினால் முதலில் கெடுவது தண்ணீர். தின்னாமல் மிஞ்சிய தீனியும் மீன் கழிவும் எருவாகி, வெளிச்சமும் சேர, பாசி பெருகி நீர் பச்சையாகிறது. பகலில் பிராணவாயுவை வெளிவிடும் இப்பாசி, இரவில் மீனோடு போட்டியிட்டு அதையே உட்கொள்கிறது. கரும்பச்சைத் தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிப்பதும், சில செத்து மிதப்பதும் இதனால்தான். நோயென்று எண்ணி மருந்து ஊற்றுவது வீண் செலவு. மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, காற்றுக் குழாய் வைத்து, தீனியையும் விளக்கு நேரத்தையும் குறைக்க வேண்டும். மீன் தவிக்கிறதே என்று இரவிலும் விளக்கைப் போட்டு வைப்பவர்கள் பாசியைத்தான் மேலும் வளர்க்கிறார்கள்.

வெளியிலுள்ள சிமெண்டுத் தொட்டிக்கு விளக்கே தேவையில்லை. ஆத்தூர்ப் பகுதியில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூட பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறைவதில்லை. அங்கே வேண்டியது நிழல். தொட்டியின் பாதிக்குத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டால் உச்சி வெயில் தணியும்.

பாசி என்றாலே பகை என்பதும் இல்லை. மோலி மீன் அதை விரும்பிக் கொறிக்கும். சற்று உப்புத் தட்டும் கிணற்று நீரையும் தாங்கும். கடலோர ஊர்களில் தொழிலைத் தொடங்க ஏற்ற மீன் இதுவே. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1981-இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உண்டாக்கியபோது, நுண்பாசியைத் தனியே பயிர்போல வளர்த்துத்தான் அவற்றுக்கு இரையாக ஊட்டியது.

இனப்பெருக்கத்தில் இருட்டுக்கும் பங்குண்டு. பொன்மீன் பெரும்பாலும் விடியற்காலையில் முட்டையிடும். ஆதலால் முதல் நாள் மாலையே சோடியைத் தனித் தொட்டியில் விட்டு விளக்கை அணைத்துவிட வேண்டும். நியான் டெட்ராவின் முட்டைக்கு வெளிச்சமே ஆகாது. குஞ்சு பொரியும் வரை தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடி வைக்க வேண்டும்.

கும்மிருட்டில் திடீரென்று தொட்டி விளக்கைப் போட்டால் மீன் மிரண்டு துள்ளி வெளியே விழும். முதலில் அறை விளக்கைப் போட்டு, சற்று நேரம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடுவது நல்லது. மேலும் விவரம் வேண்டுவோர் 1977-இல் தொடங்கப்பட்ட தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியை அணுகலாம்.